சேர் ஐவர் ஜெனிங்ஸும் 29 ஆம் பிரிவும்

இலங்கையில் அரசியல் யாப்பைப் பற்றிய பேச்சு ஓய்ந்திருந்த காலம் மிகக் குறைவு. 1972 இல் முதலாவது குடியரசு யாப்பு வந்தது. ஆறே ஆண்டுகளில் அதை நீக்கிவிட்டு இரண்டாவது வந்தது. அந்த இரண்டாவது யாப்புக்கு 2022 ஒக்டோபரில் 21 ஆம் திருத்தம் நிறைவேறியது. இவ்விவாதங்கள் எழும் ஒவ்வொரு தடவையும் தமிழ், முஸ்லிம் தரப்பினர் திரும்பிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு. சிறுபான்மையோருக்கு இருந்த ஒரே கவசம் அதுவென்றும், அக்கவசம் 1972 இல் பறிக்கப்பட்டதென்றும் மேடைகளில் நாம் கேட்டு வருகிறோம். பறிக்கப்பட்டது உண்மையே. ஆனால், கழற்றப்படுவதற்கு முன்னர் அது எந்த அம்பையேனும் தடுத்ததா என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடுவோர், அந்த யாப்பு எவருடைய பெயரைத் தாங்கியதோ அந்தச் சோல்பரிப் பிரபுவை விட்டுவிட்டு, அதனை உண்மையில் வரைந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. அவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ்.

ஜெனிங்ஸ் 1903 மே 16 ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சில காலம் விரிவுரையாற்றிவிட்டு, 1929 இல் லண்டன் பொருளியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் எழுதிக் குவித்த நூல்கள் அவரைச் சட்ட உலகின் முன்வரிசையில் நிறுத்தின. 1933 இல் சட்டமும் யாப்பும் பற்றிய நூல், 1936 இல் மந்திரிசபை ஆட்சி பற்றிய நூல், 1939 இல் பாராளுமன்றம் பற்றிய நூல். இவை வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

இந்நூல்களின் அடிநாதம் என்னவென்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னர் எமது நாட்டில் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து அங்கேதான் இருக்கிறது. பிரித்தானியாவுக்கு ஒரே ஏட்டில் எழுதப்பட்ட யாப்பு இல்லை. பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்குச் சட்டத்தில் எல்லையும் இல்லை. ஆயினும் அந்நாட்டில் மன்னர் தன் விருப்பப்படி பிரதமரை நியமிப்பதில்லை. பெரும்பான்மையை இழந்த பிரதமர் நாற்காலியைப் பற்றிக்கொண்டிருப்பதும் இல்லை. எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாத இவ்விதிகளை அவர்கள் ஏன் பின்பற்றுகிறார்கள்? இதனை ஆராய்ந்த ஜெனிங்ஸ், யாப்பு மரபு என்பது முன்னுதாரணம் மட்டுமன்று என்றார். தம்மை அந்த விதி கட்டுப்படுத்துகிறது என்று ஆட்சியாளர்கள் தாமே நம்ப வேண்டும். அந்த விதிக்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகோல். இன்றும் சட்ட மாணவர்கள் அதனை அவருடைய பெயரிலேயே படிக்கிறார்கள். ஆள்வோரின் நெஞ்சில் இருக்கும் கட்டுப்பாடே யாப்பின் உயிர் என்பது இதன் சாரம். இங்கிலாந்துக்கு இது பொருந்தியது. தோல்வியடைந்த கட்சி அடுத்த தேர்தலில் வெல்லலாம் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. எண்ணிக்கையில் என்றும் சிறுபான்மையாகவே இருக்கப்போகும் ஒரு சமூகத்துக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

1941 இல், உலக யுத்தத்தின் நடுவில், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக அவர் கொழும்புக்கு வந்தார். 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமானபோது அதன் முதலாவது உபவேந்தரானார். பேராதனை அவருடைய கனவு என்றால் மிகையில்லை. மகாவலியின் கரையில், மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அது எழுந்தது. கலைப்பீடம் 1952 இல் அங்கு குடிபுகுந்தது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், அக்பர் என எல்லாச் சமூகத்தவர் பெயரும் அங்குள்ள விடுதிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. கலைப்பட்டதாரியான எமக்கு அந்தப் பெயர்ப்பலகைகளே ஒரு யாப்பின் முகவுரைபோலத் தோன்றியதுண்டு. ஒரே விடுதியில் உண்டு உறங்கி வளரும் இளைஞர் நாளை ஒரே நாட்டை ஆள்வர் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த எதிர்பார்ப்பு. ஆனால் அந்த இளைஞர்களை இணைத்த மொழி ஆங்கிலம். அது ஒரு சிறு கூட்டத்தின் மொழி. ஜெனிங்ஸ் அறிந்த இலங்கையும் பெரும்பாலும் அந்தக் கூட்டமே.

1943 இல் பிரித்தானிய அரசு, உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சிக்கான திட்டமொன்றைத் தயாரிக்குமாறு அமைச்சர்களைக் கேட்டது. அமைச்சர்களின் தலைவரான டி.எஸ். சேனநாயக்க, பக்கத்திலேயே இருந்த பேரறிஞரை நாடினார். ஜெனிங்ஸுக்கு இதற்கென உத்தியோகபூர்வப் பதவி எதுவும் இருக்கவில்லை. சேனநாயக்கவும் ஒலிவர் குணதிலக்கவும் அவரும் கூடிப் பேசினர். எழுதும் பொறுப்பு ஜெனிங்ஸுடையதாயிற்று. 1944 இல் வெளியான அமைச்சர்களின் வரைவு இவ்வாறு பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு வந்திறங்கியது. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதன் முன்னிலையில் நீண்ட சாட்சியம் அளித்தார். சட்டசபை ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, மறுபாதி ஏனைய எல்லாச் சமூகங்களுக்கும் என்ற சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை அவர் முன்வைத்தார். அமைச்சர்களோ உத்தியோகபூர்வமாக ஆணைக்குழுவைப் பகிஷ்கரித்தனர். வேடிக்கை என்னவெனில், பகிஷ்கரித்தவர்களின் வரைவே பெரும்பகுதியும் ஆணைக்குழுவின் அறிக்கையாயிற்று. சாட்சியம் சொன்னவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அந்த வரைவில் சிறுபான்மையோருக்கு ஒன்றுமே இல்லையென்று சொல்வது நியாயமாகாது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. சனத்தொகை ஐதாகவும் நிலப்பரப்பு அகலமாகவும் உள்ள வடக்கு, கிழக்குப் பகுதிகள் இதனால் தமது எண்ணிக்கைக்கு மேலான பிரதிநிதித்துவம் பெறும் என்பது நோக்கம். கலந்து வாழும் சமூகங்களுக்காகப் பல அங்கத்தவர் தொகுதிகள், தேர்தலில் இடம் கிடைக்காதோருக்காக ஆறு நியமன உறுப்பினர்கள், பகிரங்க சேவைக்கும் நீதிச் சேவைக்கும் தனித்தனி ஆணைக்குழுக்கள் எல்லாம் இருந்தன. இவற்றுக்கு மேலாக 29 ஆம் பிரிவு வந்தது. எந்தச் சமயத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது. ஒரு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கலாகாது. ஒரு சாராருக்கு மட்டும் சலுகை வழங்கலாகாது. ஒரு சமய நிறுவனத்தின் அமைப்பை அதன் ஆளும் சபையின் சம்மதமின்றி மாற்றலாகாது. இவற்றை மீறும் சட்டம், மீறிய அளவுக்குச் செல்லுபடியற்றது.

இப்பிரிவின் பூர்வீகம் பலருக்கும் தெரிவதில்லை. அது அயர்லாந்தைச் சேர்ந்தது. 1920 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தில், சமயப் பாகுபாட்டைத் தடுக்கவென்று எழுதப்பட்ட ஐந்தாம் பிரிவே ஜெனிங்ஸின் மாதிரி. வட அயர்லாந்தின் கத்தோலிக்கச் சிறுபான்மையினர் அந்தப் பிரிவின் கீழேயே பல தசாப்தங்கள் வாழ்ந்தனர். வீடமைப்பிலும் வேலைவாய்ப்பிலும் தொகுதி எல்லைகளிலும் தமக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து 1968 இல் அவர்கள் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது. அங்கே பயன்தராத மருந்தையே இங்கேயும் எழுதிக் கொடுத்தார்கள்.

அடிப்படை உரிமைகள் பற்றிய தனி அத்தியாயம் ஏன் சேர்க்கப்படவில்லை? இங்கிலாந்தில் அப்படியொன்று இல்லாமலே மக்கள் சுதந்திரமாக வாழ்கின்றனர் என்பது ஜெனிங்ஸின் எண்ணம். உரிமைப் பட்டியல்கள் வழக்குகளைப் பெருக்கும். ஆட்சியின் கைகளைக் கட்டும். இக்கருத்தை அவர் எமது நாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அப்போதுதான் இரண்டு வயதாகியிருந்த இந்திய யாப்பை அவர் கடுமையாக விமர்சித்தார். மிக நீளமானது, மிக இறுக்கமானது, சட்டத்தரணிகளின் கைச்சரக்கு என்பன அவருடைய குறைகள். அந்த யாப்பு நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவர் தாமே கச்சிதமாக எழுதிய இலங்கை யாப்பு, சுதந்திரத்தின் பின் 24 ஆண்டுகளே நிலைத்தது.

1945 நவம்பரில் அரசாங்க சபை இந்தத் திட்டத்தை 51 க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. இலங்கைத் தமிழ் உறுப்பினர்கள் பலரும் ஆதரவாக வாக்களித்தனர். டி.பி. ஜாயா முதலிய முஸ்லிம் தலைவர்கள், நாட்டின் சுதந்திரத்துக்குத் தமது சமூகத்தின் பங்கு பற்றிய பேரம் தடையாக நிற்கலாகாது என்ற நிலைப்பாட்டில் நின்றனர். எமது பெரியோர்கள் ஏமாந்தார்கள் என்று இன்று எழுதிவிடுவது சுலபம். அவர்கள் ஒரு வார்த்தையை நம்பினார்கள். அந்த வார்த்தை யாப்பில் இருந்ததைவிடச் சேனநாயக்கவின் வாயில் அதிகம் இருந்தது. ஜெனிங்ஸும் அதே மனிதரைத்தான் நம்பினார். ஒரு யாப்பு, அதை முதன்முதல் ஏந்தும் மனிதரின் நல்லெண்ணத்தை அடித்தளமாக்கினால், அவருக்குப் பின்னர் அதன்மேல் என்ன நிற்கும் என்பதை அன்று எவரும் உரக்கக் கேட்கவில்லை.

பின்னர் வருவோரைப் பற்றிய அச்சம்கூடத் தேவைப்படவில்லை. முதல் அடி சேனநாயக்கவின் காலத்திலேயே விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலட்சக்கணக்கான மலையகத் தமிழரைப் பிரசைகள் அல்லாதோராக்கியது. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்குரிமையையும் எடுத்துவிட்டது. ஜெனிங்ஸின் நுணுக்கமான ஆசன ஏற்பாடு இங்கே தலைகீழாயிற்று. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கில் எண்ணப்பட்டோர் குடியிருப்போர் அனைவருமே தவிர, பிரசைகள் மட்டுமல்லர். எனவே தோட்டத் தொழிலாளர்கள் தலைகளாக எண்ணப்பட்டு மலையக மாகாணங்களுக்கு ஆசனங்களைத் தேடிக்கொடுத்தனர். அந்த ஆசனங்களை நிரப்பும் வாக்கு மற்றவர்களிடம் இருந்தது. சிறுபான்மையோருக்கெனச் செய்த நிறை அப்படியே பெரும்பான்மையின் தட்டில் விழுந்தது.

இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவை மீறுகின்றன என்று வழக்குத் தொடுத்தவர் கோடகன் பிள்ளை. வாக்காளர் இடாப்பில் தமது பெயரைச் சேர்க்குமாறு அவர் கேட்டார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதனைப் புரட்டியது. 1953 இல் லண்டன் கோமறைக் கழகமும் அவருடைய மேன்முறையீட்டை நிராகரித்தது. தனது பிரசைகள் யாரென்று வரையறுப்பது ஒரு சட்டவாக்க சபையின் இயல்பான கடமை என்றும், சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிப் பாகுபடுத்தவில்லை என்றும் நீதியரசர்கள் கண்டனர். பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே தள்ளலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று. 29 ஆம் பிரிவைப் போட்டி ஓட்டத்தில் முதல் வேலியிலேயே தடுக்கி விழுந்த குதிரை எனலாம்.

இவ்வழக்கு முடிந்த அடுத்த ஆண்டு ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹோல் கல்லூரித் தலைவராகத் தெரிவானார். பேராதனையை விட்டுப் போகும் வேளையில் அவருக்குப் பாகிஸ்தானிலிருந்து அழைப்பு வந்தது. 1954 ஒக்டோபர் 24 ஆம் திகதி மகாதேசாதிபதி குலாம் முஹம்மது, புதிய யாப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த யாப்பு நிர்ணய சபையைக் கலைத்திருந்தார். சபையின் தலைவர் மௌலவி தமிசுத்தீன் கான் நீதிமன்றம் சென்றார். சிந்து நீதிமன்றம் அவருக்கு நீதி வழங்கியது. ஆனால் 1955 மார்ச்சில் சமஷ்டி நீதிமன்றம், பிரதம நீதியரசர் முனீரின் தலைமையில், சபை இயற்றிய சட்டங்களுக்கு மகாதேசாதிபதியின் அனுமதி தேவை, அது பெறப்படாத சட்டத்தின் கீழ் சிந்து நீதிமன்றம் கட்டளை பிறப்பித்திருக்க முடியாது என்று அத்தீர்ப்பைத் தள்ளியது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் ஒருவரே. அவர் நீதியரசர் கொர்னேலியஸ், பாகிஸ்தானின் கிறிஸ்தவச் சிறுபான்மையைச் சேர்ந்தவர். ஜெனிங்ஸ் இந்தக் கட்டத்தில் மகாதேசாதிபதியின் அரசாங்கத்துக்கு யாப்பு ஆலோசகராக இருந்தார். 1957 இல் எழுதிய நூலில் அவர் அரசாங்கத் தரப்பு வாதத்துக்குச் சட்ட நியாயம் காட்டினார். ஆள்வோரின் மனக் கட்டுப்பாட்டை யாப்பின் உயிராகப் போதித்தவர், கட்டுப்பாடற்ற ஓர் ஆட்சியாளரின் செயலுக்குச் சட்டப் பாதை தேடிக் கொடுத்ததை எம்மால் ஜீரணிக்க முடியவில்லை. பாகிஸ்தானுக்கு 1956 இல் கிடைத்த யாப்பு, 1958 ஒக்டோபரில் இராணுவச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

மலாயாவில் அவருடைய கதை வேறு விதமாக அமைந்தது. 1956 இல் ரீட் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழுவில் ஜெனிங்ஸும் ஓர் உறுப்பினர். மலாயர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று சமூகங்களின் கட்சித் தலைவர்கள் ஏற்கனவே தமக்குள் பேரம் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தனர். அதனை எழுத்தில் வடிப்பதே ஆணைக்குழுவின் வேலையாயிற்று. 1957 ஓகஸ்ட் 31 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்த யாப்பில் அடிப்படைச் சுதந்திரங்கள் பற்றி ஒரு தனிப் பாகமே இருக்கிறது. இலங்கைக்கு வேண்டாமென்று அவர் விட்டது அங்கே இடம்பிடித்தது. அந்த யாப்பைப் பற்றிச் சீன, இந்திய வம்சாவளியினரின் முறைப்பாடுகள் அனேகம். அவற்றை நாம் இங்கே மறைக்கப் போவதில்லை. ஆயினும் அவர் கைபட்ட யாப்புகளில் இன்றுவரை உயிரோடிருப்பது அது ஒன்றே. நேபாளத்தில் அவர் உதவியோடு 1959 இல் பிறந்த யாப்பை, மகேந்திர மன்னர் 1960 டிசம்பரில் பிரதமரைச் சிறையிட்டுச் செயலிழக்கச் செய்தார்.

இலங்கையின் செய்திகள் கேம்பிரிட்ஜை எட்டாமலில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம், 1958 இல் இனக் கலவரம். இலங்கையின் பிரச்சினைகளைப் பின்னாளில் அறிந்த அளவுக்கு முன்னரே அறிந்திருப்பின் யாப்பின் சில ஏற்பாடுகள் வேறு விதமாக அமைந்திருக்கும் என்ற கருத்தை ஜெனிங்ஸ் வெளியிட்டார். சோல்பரிப் பிரபு இன்னும் வெளிப்படையாகவே பேசினார். இலங்கையைப் பற்றி பீ.எச். பார்மர் 1963 இல் வெளியிட்ட நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில், அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதத்தைத் தமது ஆணைக்குழு சிபாரிசு செய்யாமற் போனதற்காக வருந்தினார். தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அவர்களிடம் இருந்தது. எமது தலைவர்களிடம் நாம் அதிகம் காணாத பண்பு அது. ஆனால் வரைந்தவர்களின் வருத்தத்தைக் கொண்டு எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது.

1964 இல், இலஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்க என்பவருக்கும் இடையிலான வழக்கில், கோமறைக் கழகம் 29 ஆம் பிரிவுக்கு எதிர்பாராத ஒரு மகுடத்தைச் சூட்டியது. இலங்கைப் பிரசைகள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட புனிதமான உரிமைச் சமநிலை அதுவென்றும், அந்த நிபந்தனையின் பேரிலேயே அவர்கள் யாப்பை ஏற்றனரென்றும், ஆகவே அது மாற்றப்பட முடியாததென்றும் பியர்ஸ் பிரபு தீர்ப்பில் குறிப்பிட்டார். ஜெனிங்ஸ் அயர்லாந்துச் சட்டத்திலிருந்து எடுத்து நட்ட ஒரு கிளைக்கு, சமூகங்களின் உடன்படிக்கை என்ற பொருளை அவர் வழங்கினார். எமது கருத்தில், அந்தப் பிரிவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சரியானது இதுவே. ஆயினும் அவ்வழக்கின் பிரச்சினை இலஞ்ச விசாரணை மன்றத்தின் நியமனம் பற்றியது; சிறுபான்மையோரைப் பற்றியதன்று. தீர்ப்பின் போக்கில் சொல்லப்பட்ட அந்தக் கூற்றைப் பற்றிப்பிடித்துத் தமிழ்ச் சட்டத்தரணிகள் அடுத்த எட்டு ஆண்டுகளையும் கழித்தனர்.

ஜெனிங்ஸ் 1965 டிசம்பர் 19 ஆம் திகதி, 62 ஆவது வயதில், காலமானார். அந்த வேளையில் கொழும்பில் வேறொரு வழக்கு மேன்முறையீட்டில் நின்றது. அரசாங்க இலிகித சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரன் என்ற தமிழர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் தமக்கு மறுக்கப்பட்ட சம்பள ஏற்றத்தைக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி த கிரெட்சர், அரசகரும மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவை மீறுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்காட முடியாதென்று கூறி அத்தீர்ப்பைத் தள்ளியது. யாப்புக் கேள்வியைத் தொடவில்லை. 1969 இல் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை விசாரிக்குமாறு வழக்கைக் கொழும்புக்கே திருப்பியனுப்பியது. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 ஆம் திகதி குடியரசு யாப்பு வந்தது. அதில் 29 ஆம் பிரிவு இல்லை. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பது யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. கோடீஸ்வரனின் வழக்கில் அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை எழுதவில்லை.